பழுது பார்த்த பிளேனில் அத்தை: எஹலியகொடவிலிருந்து கோத்தகிரி வரை

இந்த 2005 ஆகஸ்ட் மாதம் டிவியைப் போட்டாலே எங்கேயாவது ஒரு விமானம் விழுந்து கிடக்கிறது. இந்தியாவில் இருக்கிற சொந்தங்களைப் பார்க்கப் போகலாம் என்று இலங்கையில் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று குடும்பங்கள் காசு சேர்த்து வைத்திருந்தன. இப்போது அவர்கள் "கப்பல் திரும்ப எப்ப விடுவாங்களாம்?" என்று விசாரிக்கிறார்கள். டிக்கெட் எடுக்கப் போய் டிக்கெட் வாங்கிவிடக் கூடாதே என்ற பயம். கப்பல் நின்று எத்தனையோ வருடமாகிறது. நான் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. (இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.)

எங்கள் லயத்திலிருந்து பிளேனில் திருச்சிக்குப் போய் வந்தவர்கள் மூன்று பேர்: என் அப்பா, அப்பாவின் அக்கா ராசம்மா அத்தை, நான். அதனால் கடைத்தெருவில் என்னைப் பிடித்து நிறுத்தி, "டேய் ரவி, பிளேன நம்பலாமாடா?" என்று கேட்கிறார்கள். என்னையே நம்பாதவர்கள் பிளேனைப் பற்றி என்னிடம் கேட்பது பெருமையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் போனது 2003 மே மாதம். எனக்கு அப்போது பதினைந்து வயது. வெசாக் பௌர்ணமி விடுமுறையோடு கொஞ்சம் காய்ச்சலையும் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். போன காரணம் கல்யாணம். அப்பாவுக்கு இரண்டு அக்காமார். பெரியவரான பெரியத்தை 1972-இல் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். சின்னவரான ராசம்மா அத்தை இங்கேயே தங்கிவிட்டார். ஒரு குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பம் அந்தப் பக்கம், மற்றதன் விண்ணப்பம் இந்தப் பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் முப்பத்தொரு வருடம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இப்போது பெரியத்தையின் மகளுக்குக் கல்யாணம், அப்பா தாய்மாமன். மாமன் போய் நிற்காமல் முகூர்த்தம் நடக்காது. மணப்பெண் எனக்கு முறைப்பெண்தான். ஆனால் நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே பிறந்துவிட்டதால் எனக்காகக் காத்திருக்க முடியவில்லை போலும்.

விசாவுக்குக் கொழும்புக்கு இரண்டு முறை அலைந்தோம். விசா வருவதற்குள் வயசாகிவிடும் என்று நான் சொன்னதற்கு அப்பா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கூலி போனவருக்குச் சிரிப்பு வராது.

புறப்பட்ட நாள் விடிந்ததும் டவுனிலிருந்து பாரூக் நானாவின் வேன் வந்தது. எஹலியகொடவிலிருந்து கொழும்பு சுமார் எழுபது கிலோமீட்டர், அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் இன்னொரு முப்பத்தைந்து. வேன் கூலி மூவாயிரம் ரூபாய். பஸ்ஸில் மாறி மாறிப் போனால் ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. ஆனால் மாமன் சீர்ப் பெட்டியையும் அத்தை கட்டிய தேயிலைத்தூள் மூட்டைகளையும் பார்த்த எந்தக் கண்டக்டரும் எங்களை ஏற்றியிருக்க மாட்டார்.

"ராசம்மாக்கா, கல்யாணத்துக்குப் போறீங்களா, அங்க கடை போடப் போறீங்களா?" என்றார் நானா.

"எங்க அக்கா அங்க என்னா தூளு குடிக்கிறாளோ. நம்ம தோட்டத்துத் தூளு வாசம் அவளுக்கு மறந்திருக்கும்."

"அங்கயும் தேயிலத் தோட்டந்தானே?"

"இருக்கட்டுமே. அது அந்தூரு தூளு."

அவிசாவளையில் இறங்கி, பால் விடாத பிளேன்டீ குடித்தோம். "பிளேன்ல ஏறுறதுக்கு முன்னாடி பிளேன்டீ" என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். ஹன்வெல்ல தாண்டியதும் வெயில் வேனுக்குள் வந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பெயர்ப் பலகையையும் சிங்களத்தில் வாசித்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போர் ஓய்ந்திருந்த சமாதான காலம் என்பதால் விமான நிலையச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை எட்டிப் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். அந்த மே மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வேன்தான்.

உள்ளே போனதும் அப்பாவிடம் ஒரு வேலை செய்தேன். "பிளேன்ல கண்டக்டர் எப்ப வேணா வந்து கேப்பாங்கப்பா, அந்தத் துண்டுச் சீட்டக் கையிலயே வச்சிருக்கணும்" என்றேன். பாவம், திருச்சியில் இறங்கும்வரை அப்பா அதைக் கையிலேயே பிடித்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது வாயில் கவ்விக்கொண்டார்.

பகல் பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டிய பிளேன் புறப்படவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று மூன்று மொழியிலும் சொன்னது. மூன்று மொழியிலும் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "தொழில்நுட்பக் காரணங்களால்" என்றார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் உடுப்பு வியாபாரம் செய்பவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். மாதம் இரண்டு முறை திருச்சிக்குப் போய் வருகிறவராம். அவர் கவுண்டருக்குப் போய்க் கேட்டார். "பயப்பட ஒன்றுமில்லை சார்" என்று பதில் வந்தது. திரும்பி வந்து சொன்னார்: "நான் பயமா இருக்குன்னு சொல்லவே இல்லையே. என்னான்னுதானே கேட்டேன்?"

அப்போதுதான் அவர் பயந்தார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் பிளேனுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். கொதிக்கிற தாரில் ஏணிப்படி நின்றது. பிளேனின் சக்கரத்துக்கு அருகில் கைகளில் கறுப்பு எண்ணெயோடு ஓர் இளைஞர் ஸ்பேனர் சாவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை முதல் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"ரவி, அந்தப் பையந்தான் ரிப்பேர் பாத்தவனா?"

"அப்படித்தான் இருக்கும் அத்த."

"அவன் ஏறலையா?"

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் கீழே ரப்பர், மேலே தேயிலை. கொழுந்து எடுக்கும் பெண்களை லொறியில்தான் மேல் டிவிஷனுக்கு ஏற்றிப் போவார்கள். ஒரு தடவை, பிரேக் சரி பண்ணியாச்சு என்று கராஜில் சொல்லி அனுப்பிய லொறி, வளைவில் பின்னால் உருண்டு, ரோட்டோர வடிகால் கானில் சாய்ந்தது. யாருக்கும் உயிர் போகவில்லை. அத்தையின் வலது கணுக்கால் மட்டும் இன்றுவரை மழைக்கு வலிக்கும். அன்றிலிருந்து பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். லொறியை ரிப்பேர் பார்த்தால், பார்த்த பாஸ் முதல் ட்ரிப்பில் அவர்களோடு ஏற வேண்டும். (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே மேசன், மெக்கானிக் எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். முதலாளி இல்லை.) பாஸ் ஏறாவிட்டால் யாரும் ஏற மாட்டார்கள், மலையேறி நடந்தே போவார்கள். துரை கத்தினாலும், கங்காணி கெஞ்சினாலும் அதுதான். கூடைக்காரப் பெண்களுக்கு நடுவில் பாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருவதைச் சின்ன வயதில் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். பெண்கள் கேலி செய்தே அவரைக் கொன்றுவிடுவார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் இரண்டு வளைவுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். இப்போது அந்த லொறியும் இல்லை.

ஆக, அத்தையைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ரிப்பேர் பார்த்த வண்டி நிற்கிறது. பாஸ் கீழே நிற்கிறார்.

"அக்கா, இது லொறி இல்ல. ஏறுக்கா" என்றார் அப்பா, ஒரு கையில் சீட்டு, மறு கையில் சீர்ப் பெட்டி.

"லொறி இல்லன்னுதாண்டா சொல்றேன். லொறின்னா கானுல விழும். இது எங்க விழும்?"

பின்னால் வரிசை நின்றுவிட்டது. உடுப்பு வியாபாரி, "ஏறுங்கம்மா, நான் மாசம் ரெண்டு தடவ போறவன்" என்றார்.

"நீங்க போறது ரிப்பேர் ஆகாத நாளுங்க. இன்னிக்கி ரிப்பேர் ஆன நாளு."

 அவரும் வரிசையிலிருந்து விலகி வந்து அத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கையில் வோக்கிடோக்கி வைத்திருந்த பெண் ஊழியர் ஓடி வந்தார். ஏறாவிட்டால் பெட்டிகளை இறக்க வேண்டிவரும், பிளேன் இன்னும் தாமதமாகும், பிறகு இந்த டிக்கெட் செல்லாது என்று ஒரே மூச்சில் சொன்னார்.  மறுநாள் விட்டு அடுத்த நாள் காலையில் கோத்தகிரியில் முகூர்த்தம்.

"நீ போடா தங்கராசு. நீதான் மாமன். நான் லயத்துக்குத் திரும்பிப் போறேன்" என்றார் அத்தை.

"ஒன்ன விட்டுட்டுப் போயி பெரியக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? மாமன் சீர விட ஒன்னப் பாக்கத்தானே அவ கெடந்து துடிக்கிறா."

 அத்தையின் கண் கலங்கியிருந்தது. ஆனால் கால் அசையவில்லை. பிளேனுக்கு இறக்கை இருந்தால் மட்டும் போதுமா, கொஞ்சம் இரக்கமும் இருந்திருக்கலாம். எப்போதும் என் வாயில் வந்துவிடும் இந்த மாதிரி வசனம்கூட அப்போது வரவில்லை. இது இப்போது எழுதும்போது வந்தது.

பிறகு அத்தை நேரே அந்த இளைஞரிடம் நடந்தார். ஊழியர் பெண் தடுப்பதற்குள் போய் நின்று, சிங்களத்தில், "ஒயாத் நகினவத?" என்று கேட்டார். நீங்களும் ஏறுகிறீர்களா என்று அர்த்தம். எஹலியகொடச் சந்தையில் பேசிப் பழகிய சிங்களம், சிங்களவர்களே அடையாளம் காண மாட்டார்கள்.

அவர் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். "நான் எப்படி அம்மே ஏறுவேன்? எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையே" என்றார். வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"என்னா ஆச்சு வண்டிக்கு?"

அன்று காலையிலிருந்து எங்கள் யாருக்கும் யாரும் சொல்லாததை அவர் சொன்னார். சக்கரத்து பிரேக்குக்குப் போகும் எண்ணெய்க் குழாய் ஒன்றில் கசிவு இருந்தது. அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டாயிற்று. இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் தமிழில் பின்னால் சொன்னேன், வியாபாரி அவருக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். வரிசை முழுக்க அது போய்ச் சேர்ந்தது. ஆட்கள் தோளைத் தளர்த்திக்கொண்டது எனக்கே தெரிந்தது.

அத்தை மேலே பார்த்தார். மூக்குப் பக்கத்து ஜன்னலில் விமானியின் முகம் தெரிந்தது. ஏன் யாரும் ஏறவில்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ட்ரைவர் மாத்தயா ஒன்ன ஏசினாரா?" என்று கேட்டார் அத்தை.

மாத்தயா என்றால் ஐயா. ஏசினாரா என்று ஏன் கேட்கிறார் என்பது ஊழியர் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் புரிந்தது. எங்கள் லொறி ட்ரைவர், ரிப்பேர் பார்த்த பாஸை ஏசாமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. குனிந்து பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், குறை கண்டுபிடிப்பார், கத்துவார், இன்னொரு தடவை கழற்றச் சொல்வார். ட்ரைவர் ஏசாமல் ஏறி உட்கார்ந்தால், அவர் பார்க்கவே இல்லை என்று பெண்கள் சொல்வார்கள். கானில் சாய்ந்த அன்று ட்ரைவரும் பாஸும் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்களாம்.

இளைஞர் ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஹொந்தட்டம பென்னா, அம்மே." நன்றாகவே ஏசினாராம். போட்டு முடித்ததை இரண்டாம் தடவை திறந்து காட்டச் சொன்னாராம். ஒரு மணி நேரம் அதனால்தான் போனது. "நான் காலையிலருந்து சாப்பிடல. அவர் இன்னும் கோவமாத்தான் உக்காந்திருக்கார்" என்றார்.

அத்தை அந்த எண்ணெய்க் கைகளை ஒரு நிமிடம் பார்த்தார். மடியிலிருந்து, வழியில் சாப்பிடக் கட்டி வந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவருடைய சாவிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"சாப்புடு புத்தா" என்றார், சிங்களத்தில் மகனே என்று அர்த்தம். பிறகு எங்களிடம் திரும்பினார். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்கடா, நேரமாச்சு."

உடுப்பு வியாபாரி அவருக்கு வழிவிட்டு, "நீங்க மொதல்ல ஏறுங்கம்மா" என்றார். பின்னால் மொத்த வரிசையும் ஏறியது. வோக்கிடோக்கிப் பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "உங்க அம்மாவா?" என்று கேட்டார். "இல்ல, எங்க தோட்டத்து இன்ஜினியர்" என்றேன்.

பறந்த நேரம் ஒரு மணிக்கும் குறைவுதான். கடலைப் பார்த்ததும் அத்தை, "இதத் தாண்டித்தானே அவ கப்பல்ல போனா, எவ்வளவு நேரம் அழுதிருப்பா" என்றார். 

திருச்சியில் வெளியே வரும்போது மாலையாகிவிட்டது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியத்தை காலையிலிருந்து நின்றிருந்தார். இருவரையும் பார்த்தால் யாரும் ஃபோட்டோ காட்டத் தேவையில்லை. ஒரே மூக்கு, ஒரே நடை. கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் நினைத்ததைவிட சீக்கிரமாக அழுது முடித்துவிட்டுச் சண்டையை ஆரம்பித்தார்கள்.

அங்கிருந்து கோத்தகிரிக்கு, கோயமுத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக ஏறக்குறைய இருநூற்று எண்பது கிலோமீட்டர். பெரியத்தை வாடகை ஜீப்போடு வந்திருந்தார். கரூருக்கு முன்னால் சாப்பிட நிறுத்திய இடத்தில், ஏன் தாமதம் என்பதை அப்பா முழுக்கச் சொன்னார். நான் ஆங்காங்கே மசாலா சேர்த்தேன். பெரியத்தை சிரிக்கவில்லை.

"அந்தப் பையன், ட்ரைவரு ஏசலன்னு சொல்லியிருந்தா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றார் அத்தை.

"முப்பத்தொரு வருசங்கழிச்சி, படிக்கட்டு வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போயிருப்பியா?"

"உசுரோட இருந்தா அடுத்த வருசம் வரலாம்ல."

பெரியத்தை அத்தையின் கையில் ஒரு அடி அடித்தார், சத்தம் கேட்கும்படி. பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோத்தகிரி போய்ச் சேரும்வரை விடவேயில்லை. மலையேறும் வளைவுகளில் நான் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு, இருவரும் மாறி மாறித் தங்கள் தோட்டத்தைப் பற்றிப் பொய் அளப்பதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். என் பொய்த் திறமை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கல்யாணம் நடந்தது, அப்பா மாமனாக நின்றார், நான் தாய்மாமன் மகன் என்று சொல்லி மாப்பிள்ளையிடம் மோதிரம் கேட்டு வாங்கிய வாங்கு தனிக்கதை. பதினொரு நாள் அங்கே இருந்தோம்.

இனி போகப் போகிறவர்களுக்கு. விசாவுக்கு முன்கூட்டியே கொடுங்கள், வேலை நாளில் அதிகாலை பஸ்ஸைப் பிடித்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம். தேயிலைத்தூளை ஒரே பெட்டியில் கட்டாதீர்கள், எடை கூடிவிடும், எங்களுக்கு இரண்டு பொட்டலம் கட்டுநாயக்கவிலேயே போனது. கோத்தகிரியில் மே மாதத்திலும் குளிர் உண்டு, ஸ்வெட்டர் வேண்டும். திருச்சியில் டாக்சிக்காரர்களிடம் கோத்தகிரி என்று சொன்னதும் விலையை ஏற்றுவார்கள். ரயிலில் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து பஸ் எடுத்தால் செலவு பாதிக்கும் கீழே. தாமதம் என்று சொன்னால் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். ஆனால் ஏன் தாமதம் என்று கேளுங்கள். எங்கள் பிளேனில் அன்று எல்லோரையும் பயமுறுத்தியது அந்தக் குழாய் இல்லை, "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னதுதான். குழாய் என்று சொன்ன பிறகு யாரும் பயப்படவில்லை.

பெரியத்தை அடுத்த தடவை தான் இங்கே வருவதாகச் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டுக்குக்கூடக் கொடுத்திருந்தாராம். இந்த வருடம் பொங்கல் கழிந்த மாதத்தில் இறந்துவிட்டார். விசா எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பதால் இங்கிருந்து யாரும் போகவில்லை. அந்தப் பதினொரு நாள்தான் அக்காவுக்கும் தங்கைக்கும் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று குடும்பத்து ஆட்களும் அத்தையிடமே வந்து கேட்டார்கள், டிவியில் இப்படிக் காட்டுகிறார்களே, இந்தக் காலத்தில் பிளேனில் ஏறலாமா என்று. அத்தை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "என்னா ஏதுன்னு நல்லா கேளுங்க. கேட்டுட்டு ஏறிப் போயிருங்க. அடுத்த வருசம்னு மட்டும் வச்சிக்காதீங்க" என்றார்.

"நீங்க இன்னொருக்கா போவீங்களாக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கென்னா பயம்?" என்றார் அத்தை. "அந்தத் திருச்சிக் கம்பிக்கிட்ட நிக்கத்தான் ஆளு இல்ல."